அலுத்த கரமும் அணையாத அடுப்பும்

உழைத்தவன் களைப்படைவான், களைத்தவன் இளைப்பாறுவான். இது உடல் வகுத்த விதி. இதற்கு மறை வேண்டியதில்லை, மந்திரம் வேண்டியதில்லை. மாட்டுக்குக்கூட மாலையில் நுகத்தடியை இறக்கிவிடுகிறோம். ஆனால், விளக்கு ஏற்றும் வேளையிலே நம் நாட்டு வீடு எதனுள்ளும் எட்டிப் பாருங்கள், தோழர்களே! இந்த இயற்கை விதிக்கும் ஒரு விலக்கு ஏற்படுத்தி வைத்திருப்பது தெரியும். பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் இருவர். ஒருவருக்குத் திண்ணை, மற்றவருக்கு அடுப்பங்கரை! "அப்பாடா, அலுத்துவிட்டது!" என்று ஒருவர் சொன்னால், அது நியாயம், உடனே தலையணை வரும், தண்ணீர் வரும், விசிறி வரும். அதே சொல்லை மற்றவர் சொன்னால், "அப்படியானால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்ற கேள்வி வரும்!

அலுப்பிலுமா ஆண் பெண் பேதம்? சோர்விலுமா மேல் கீழ்?

"நாட்டிலே விலைவாசி வானத்தை முட்டுகிறது, சாதியின் பெயரால் கொலை நடக்கிறது, வேலையின்றி இளைஞர்கள் வாடுகிறார்கள். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு இரவுச் சமையல் பற்றியா கட்டுரை?" என்று கேட்டுச் சிரிப்போரும் உண்டு. சிரிக்கட்டும். 1924இல் வைக்கத்திலே கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமை கேட்டபோதும், "ஒரு தெருவில் நடக்காவிட்டால் என்ன, வேறு தெருவில் போகக்கூடாதா?" என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். அநீதி மிகப் பழையதாகிவிட்டால் அது அற்ப விஷயம் போலத்தான் தோன்றும். நாள்தோறும் நடப்பதாலேயே அது நம் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவதுதானே பகுத்தறிவின் பணி?

காஞ்சியையே எடுத்துக்கொள்வோம். பட்டுக்குப் பெயர் பெற்ற நகர். கோயில்களுக்குப் பெயர் பெற்ற நகர். அறிஞர் அண்ணா 1909இல் பிறந்த நகர். 1942இல் 'திராவிட நாடு' ஏட்டைத் தொடங்கிய நகர். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களிலே தறியின் ஓசை கேட்டு வளர்ந்த தலைமுறைகள் பல. காஞ்சிப் பட்டின் பெருமை எது? உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழையோடு இழை கோத்து, இழுத்தாலும் பிரியாதபடி இணைப்பது. கோர்வை என்று அதற்குப் பெயர். உடலுக்கு ஒரு நாடா, இரு பக்கத்துக் கரைகளுக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று நாடா ஓடவேண்டும். தறியில் அமர்ந்தவனின் இரண்டு கைகள் அதற்குப் போதா. பக்கத்திலே இன்னொருவர் அமர்ந்து நாடாவைத் தள்ளிக் கொடுக்கவேண்டும். அந்த இன்னொருவர் யார்? பல வீடுகளில் மனைவி. முன்னாளில் பெரும்பாலும் பிள்ளைகள்.

அதோடு முடிந்ததா? பட்டு நூலைச் சுற்றுவது யார்? ஊடைக்குத் தார் சுற்றுவது யார்? ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போது, பழைய இழையின் முனையோடு புதிய இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கவேண்டும்; ஒன்றல்ல, பத்தல்ல, ஆயிரக்கணக்கான இழைகள்! கண் எரியும், முதுகு ஒடியும், விரல் நுனி மரத்துப்போகும். அந்த வேலையிலும் பெண்ணின் கை இருக்கிறது. ஆயினும் 'நெசவாளி' என்றவுடன் நம் மனக்கண் முன் வருபவர் யார்? தறிக்குழியில் கால் மிதிக்கும் ஆண் ஒருவர்தானே! இந்திய அரசு 2019-20இல் எடுத்த நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? நாட்டில் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டுள்ளோர் 35 லட்சத்துக்கு மேல். அவர்களிலே நூற்றுக்கு 70க்கு மேற்பட்டோர் பெண்கள்! உழைப்பில் பெரும்பங்கு அவளுடையது. ஆனால் வீட்டுக்குள்ளே அவள் பெயர் 'கூடமாட ஒத்தாசை செய்பவள்'.

அந்த ஒத்தாசைக்காரிதான், தறி நின்றபின் எழுந்து அடுப்பை மூட்டவேண்டும். தறிக்கு ஓய்வு உண்டு. அமாவாசையன்று தறியை நிறுத்தும் வழக்கங்கூட உண்டு. அடுப்புக்கு அமாவாசை உண்டா? அன்றைக்குத்தான் வடை, பாயசம், படையல் என்று வேலை இரட்டிப்பு!

இது காஞ்சிக்கு மட்டும் உரிய கதையல்ல, கணக்கு இருக்கிறது. மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று இந்திய அரசின் புள்ளியியல் துறை 2019இல் ஆய்வு நடத்தியது. 2024இல் மீண்டும் நடத்தியது. வீட்டாருக்காகக் கூலியின்றிச் செய்யும் வீட்டுவேலையில் ஈடுபடுவோர், 2024 கணக்குப்படி, பெண்களில் நூற்றுக்கு 81.5 பேர், ஆண்களில் 27.1 பேர். அவ்வாறு ஈடுபடும் பெண் ஒருத்தி நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் 289 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம். ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். ஒன்றரை மணிக்கும் குறைவு. 2019இல் பெண்ணுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம். ஐந்தாண்டுகளிலே பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்தது, மகிழ்ச்சி! அந்தப் பத்து நிமிடத்தை ஆண்மகன் தன் தோளில் ஏற்றுக்கொண்டானா? இல்லை, அவனுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது!

இந்த ஏற்பாட்டுக்கு என்ன சமாதானம் சொல்கிறார்கள்? முதலில் வருவது 'இயற்கை' என்ற வாதம். "சமையல் பெண்ணின் பிறவிக்குணம், ஆணுக்குக் கைவராது" என்கிறார்கள்.

அப்படியா? வாருங்கள், அதே காஞ்சியின் வரதராசப் பெருமாள் கோயில் மடைப்பள்ளிக்கு. மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ந்த மாவை, மந்தாரை இலை விரித்த மூங்கிற் குடலையிலே ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்து எடுக்கிறார்களே, ஊர் பெயரையே தாங்கிய காஞ்சிபுரம் இட்லி, அதைச் செய்பவர் யார்? ஆண்! பரம்பரை பரம்பரையாக ஆண்! கல்யாணப் பந்தலில் ஆயிரம் பேருக்கு அண்டா ஏற்றும் தலைமைச் சமையற்காரர் பெரும்பாலும் ஆண். ஓட்டலிலே சரக்கு மாஸ்டர் ஆண், பரோட்டா மாஸ்டர் ஆண். அங்கெல்லாம் பெண் இல்லையா என்றால், இருக்கிறாள். காய் நறுக்கும் இடத்தில், பாத்திரம் துலக்கும் இடத்தில். கரண்டி பிடிக்கும் கை அங்கே ஆணினுடையதாகிவிடுகிறது. சமையல் பெண்ணின் பிறவிக்குணம் என்றால், ஆண்டவன் வீட்டு அடுக்களையில் மட்டும் அந்தக் குணம் எப்படி ஆணுக்கு மாறிற்று? தீட்டு என்று சொல்லி அவளை அங்கே நுழையவிடாதவர்கள், அதே கையால் ஆக்கிய சோற்றை வீட்டிலே மூன்று வேளையும் எப்படி உண்கிறார்கள்?

உண்மை இதுதான். காசும் மதிப்பும் வரும் இடத்தில் சமையல் ஆணின் கலை. இரண்டும் வராத இடத்தில் அது பெண்ணின் இயல்பு! இயற்கை இங்கே எங்கும் இல்லை, ஏற்பாடுதான் இருக்கிறது. மனிதன் செய்த ஏற்பாட்டை மனிதன் மாற்றலாம்.

அடுத்து வருவது புகழ்ச்சி. இது வசையைவிடக் கொடியது. "அவள் அன்னபூரணி! அவள் கைமணத்துக்கு ஈடேது?" என்கிறார்கள். காசியிலே அன்னபூரணி கையில் கரண்டியோடு நிற்கிறாள். சிவனார் ஓடேந்தி நிற்கிறார் என்று புராணம். ஆடத் தெரிந்தவர், அழிக்கத் தெரிந்தவர், நெற்றிக் கண்ணிலே நெருப்பையே வைத்திருப்பவர், அந்த நெருப்பில் ஒரு வேளை உலை வைக்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை! கையேந்துவார், கரண்டி பிடிக்கமாட்டார். கடவுளுக்கே இந்தப் பழக்கத்தைக் கற்பித்த சமுதாயம், கணவனுக்கு வேறு எதைக் கற்பிக்கும்? தெய்வமாக்குவது எதற்காக? தெய்வத்துக்குத்தான் காலும் வலிக்காது, கண்ணும் எரியாது, உறக்கமும் வராது. மனுஷியென்று ஒப்புக்கொண்டால் ஓய்வு கொடுக்கவேண்டி வருமே!

மூன்றாவது வாதம் அன்பு. "கையால் சமைத்துச் சுடச்சுடப் போடுவதிலேதான் அன்பு தெரியும்" என்பார்கள். அன்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அன்புக்கு அளவுகோல் சட்டியிலும் பானையிலும் மட்டும் இருப்பானேன் என்றுதான் கேட்கிறோம். நாலுவகைக் கறி இருந்தால் அன்பு நாலு பங்கு, ஒரு கஞ்சியோடு நின்றால் அன்பு கால் பங்கு என்று நிறுத்துப் பார்ப்பது அன்பா, வணிகமா? சோர்ந்து விழும் ஒருத்தியை எழுப்பி நிறுத்திப் பெற்ற சுவையான குழம்பைவிட, அவளை உட்காரவைத்துவிட்டு மற்றவர் ஆக்கிய சுவை குறைந்த கஞ்சியில் அன்பு அதிகம் இல்லையா?

கஞ்சி என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. "வெறும் கஞ்சியா? என்ன, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா?" என்பார்கள். அந்த வெறுங்கஞ்சியைக் கொஞ்சம் ஆராய்வோம். ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, ஆறு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் மிளகு சீரகம், உப்பு. குக்கரில் வைத்து நாலைந்து விசில் வந்ததும் இறக்கினால் நாலு பேர் பசியாறலாம். இறக்கிய சூட்டிலேயே ஒரு பிடி முருங்கைக்கீரையைப் போட்டுக் கிளறினால் கீரையும் ஆயிற்று. பக்கத்திலே வறுத்த வேர்க்கடலைத் துவையல், அல்லது ஆளுக்கொரு அவித்த முட்டை. இதில் என்ன குறை? அரிசியின் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் பருப்பிலே இருக்கிறது. பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் அரிசியிலே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் என்று உணவு அறிவியல் கூறுகிறது. பகலில் வடித்த சோறு மீந்திருந்தால் தயிர் விட்டுப் பிசைந்து, ஒரு பச்சை வெங்காயம். மாவு இருந்தால் நாலு தோசை, மேலே பொடி. கேழ்வரகு மாவு இருந்தால் முருங்கைக்கீரை கலந்து அடை. ஒரு பானை, ஒரு தொடுகறி, அரைமணி நேரம். களைத்த இரவுக்கு இது போதும். வயிறு ஒத்துக்கொள்ளும், வறட்டுக் கௌரவந்தான் ஒத்துக்கொள்வதில்லை.

கடையிலே மாவு வாங்கினால் வேறொரு குற்றச்சாட்டு. "கடை மாவா? கைகால் விளங்காமலா போயிற்று?" இதைக் கேட்கும் நெசவாளர் வீட்டுப் பெரியவரை நாம் பணிவோடு கேட்போம்: ஐயா! உங்கள் தறியில் ஏறும் பட்டுநூலை உங்கள் வீட்டிலா விளைவித்தீர்கள்? அது கர்நாடகத்திலிருந்து வந்தது. மின்னும் சரிகையை உங்கள் கொல்லையிலா இழுத்தீர்கள்? அது சூரத்திலிருந்து வந்தது. நூல் வெளியூர், சரிகை வெளிமாநிலம். ஆயினும் சேலை காஞ்சிப் பட்டுத்தான். அது பொய்யென்று எவரும் சொல்வதில்லை. தொழிலைப் பகிர்ந்து செய்வதே நாகரிகத்தின் அடிப்படை. தறிக்குப் பொருந்தும் இந்த நியாயம் அடுப்புக்கு மட்டும் ஏன் பொருந்தாமற் போயிற்று? மாவை வேறிடத்தில் அரைத்தால் இல்லறம் இடிந்துவிடுமா?

ஆனால், இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். எளிய உணவு வேறு, இல்லாமை வேறு. பாலும் பருப்பும் இருந்தும், களைப்பு கருதிக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வது எளிமை. கூலி கட்டாமல், கடன் தீராமல், வேறு வழியின்றி நீரைக் குடித்துப் படுப்பது கொடுமை. பட்டு நெய்து பிறரை மணக்கோலத்தில் நிறுத்தும் கைகள் நியாயமான கூலிக்கு ஏங்கிய காலங்களைக் காஞ்சி அறியும். அந்தப் பசியைப் பார்த்து, "எளிமையே இனிமை" என்று உபதேசம் செய்வது வைதிகரின் வேலை. நமது வேலை அன்று. நாம் கேட்பது இரண்டும்: தறிக்கு நியாயமான கூலி, அடுப்புக்கு நியாயமான பங்கு.

இன்னொரு வலையும் உண்டு. அதிலே சீர்திருத்தக்காரரும் விழுவதுண்டு. "களைத்திருக்கும் தாய்மார்களே! இதோ பத்து நிமிடச் சமையல்!" என்று ஏடுகள் எழுதுகின்றன. நல்லதுதான். ஆனால் யாரை விளித்து எழுதுகின்றன? மீண்டும் அவளைத்தானே! சுமையைக் குறைக்கும் உபாயம் சொல்கிறார்கள். சுமப்பவர் யார் என்பதை மாற்றுவதில்லை. ஆட்டுக்கல் போயிற்று, கிரைண்டர் வந்தது. அம்மி போயிற்று, மிக்சி வந்தது. 2011இல் தமிழக அரசே மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. விறகடுப்புப் புகையில் இருமிய தலைமுறைக்கு எரிவாயு வந்தது. இவையெல்லாம் அறிவியல் தந்த விடுதலைகள். வணங்கத்தக்கவை எவையேனும் உண்டென்றால் இவைதாம். ஆயினும், கல்லைச் சுற்றிய கை எதுவோ, பொத்தானை அழுத்தும் விரலும் அதுவே. கருவி மாறிற்று, கடமை மாறவில்லை. 'இன்றைக்கு என்ன சமைப்பது? அரிசி இருக்கிறதா? பருப்பு தீர்ந்ததா? சின்னவனுக்குக் காரம் ஆகாதே' என்று நாளெல்லாம் மனத்திலே ஓடும் கணக்கு இருக்கிறதே, அதைச் செய்ய எந்த மிக்சியாலும் முடியாது. அந்த நினைப்பே ஒரு வேலை. உடல் ஓய்ந்த பிறகும் ஓயாத வேலை.

நமது இயக்கத்தின் வரலாற்றிலே சோற்றுக்குத் தனியிடம் உண்டு. சேரன்மாதேவிக் குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்கு ஓரிடத்திலும் மற்றப் பிள்ளைகளுக்கு வேறிடத்திலும் சோறு போடப்பட்டது என்ற செய்தி 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழகத்தைக் கொதிக்கவைத்தது. அந்தக் கொதிப்பு ஆறாத காலத்திலேதான், 1925 நவம்பரில், இதே காஞ்சியில் கூடிய காங்கிரஸ் மாகாண மாநாட்டில், வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடமில்லை என்றதும் பெரியார் வெளியேறினார். யார் யாரோடு அமர்ந்து உண்பது என்ற கேள்வி ஒரு நாட்டின் அரசியலையே புரட்டிப்போட்டது. சமபந்தி கண்டோம். இலைக்கு இலை பேதம் ஒழிய வழி கண்டோம். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. 1989இல் தமிழகத்தில் அது சட்டமாயிற்று. 1967இல் அண்ணாவின் ஆட்சி, புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத்தின் ஏற்பைத் தந்தது.

பெருமைதான். ஆனால் அந்தப் பந்திக்கு முன்னே ஒரு அடுப்பு எரிந்ததே! பந்தியில் யார் அமர்வது என்று கேட்ட நாம், பந்திக்கு ஆக்குவது யார் என்று கேட்டோமா? புரோகிதரை மணவறையிலிருந்து அனுப்பினோம். மனுவை அடுக்களையிலிருந்து அனுப்பினோமா? மேடையிலே பெண் விடுதலையை முழங்கிவிட்டு, நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டி, "சோறு ஆறிப்போயிருக்கிறதே, ரசத்தைக் கொஞ்சம் சுடவைக்கக்கூடாதா?" என்று கேட்கும் தோழர் ஒருவரும் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? கேட்ட கூட்டம் கைதட்டிக் கலைந்துவிடும். அந்தப் பேச்சு மெய்யா பொய்யா என்று அறிந்தவள் கதவைத் திறந்த அந்த ஒருத்திதான்.

வீட்டு அடுப்பின் பாரத்தை ஊர் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. சாத்தனாரின் மணிமேகலை, அமுதசுரபியோடு வந்து பஞ்சத்தில் வாடிய மக்களின் பசி தீர்த்த ஊர் காஞ்சி என்று காப்பியம் கூறுகிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் கவிஞரின் கற்பனை. பகுத்தறிவாளர் நாம் அதை நம்பவேண்டியதில்லை. ஆனால் நம்பத்தக்க அமுதசுரபியை ஆட்சிகள் செய்து காட்டின. 1920இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு, 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 2013இல் மலிவு விலையில் இட்லியும் சாதமும் சப்பாத்தியும் தந்த அம்மா உணவகம், 2022இல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு. பிள்ளையின் பசியை மட்டுமா இவை தீர்த்தன? விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் ஒரு தாயின் தலைச்சுமையிலே ஒரு படி இறக்கின.

2023 செப்டம்பர் 15, அண்ணாவின் பிறந்தநாள். காஞ்சியிலேயே கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். உதவி என்றோ, சலுகை என்றோ பெயரிடாமல் 'உரிமை' என்று பெயரிட்டார்களே, அந்த ஒரு சொல்லிலே ஒரு தத்துவம் இருக்கிறது: வீட்டில் அவள் செய்வது உழைப்பு, அதற்கு மதிப்பு உண்டு என்ற ஒப்புதல். ஆனால் கணக்கும் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 289 நிமிடம் என்றால் மாதத்துக்கு 144 மணி நேரத்துக்கு மேல். ஆயிரம் ரூபாயை அதனால் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை. தொகையைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அது கூலி அன்று, அடையாளம். அரசு அடையாளத்தைத் தரலாம், காலையுணவைத் தரலாம், சட்டத்தைத் தரலாம். ஆனால் இரவு ஏழு மணிக்கு உன் வீட்டு அடுப்பின் முன்னால் வந்து நிற்க அரசால் ஆகாது, தம்பி! அங்கே நிற்கவேண்டியவன் நீ.

அந்தக் கரங்கள் ஒரு நாள் ஓய்ந்தால் என்ன ஆகும்? உலகம் ஒருமுறை அதைக் கண்டது. வட அட்லாண்டிக் கடலில் ஐஸ்லாந்து என்றொரு தீவு நாடு. 1975 அக்டோபர் 24ஆம் நாள், அந்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 90 பேர் அலுவலகம் போகவில்லை, அடுப்பு மூட்டவில்லை, குழந்தையைக் கவனிக்கவில்லை. தலைநகரில் மட்டும் ஏறத்தாழ 25,000 பெண்கள் கூடினார்கள். மொத்த மக்கள்தொகையே இரண்டேகால் லட்சத்துக்குள் அடங்கிய நாடு அது! ஆண்கள் என்ன செய்தார்கள்? பிள்ளைகளை அலுவலகத்துக்கே தூக்கிச் சென்றார்கள். கடைகளுக்கு ஓடினார்கள். சாசேஜ் என்னும் இறைச்சி உணவை வெந்நீரில் போட்டு எடுத்தால் போதும், சாப்பாடு ஆகிவிடும். அது அன்று கடைகளில் தீர்ந்தே போயிற்றாம்! கைவராது, கைவராது என்று சொல்லிவந்த ஆண்களுக்கு, ஒரே நாளில் எளிய சமையல் கைவந்துவிட்டது! மறு ஆண்டே அந்நாட்டில் ஆண் பெண் சமத்துவச் சட்டம் வந்தது; 1980இல் மக்கள் வாக்களித்துப் பெண் ஒருவரைக் குடியரசுத் தலைவராக்கினார்கள். ஒரு நாள் அடுப்பு அணைந்தது; ஒரு நாட்டின் கண் திறந்தது.

நம் வீடுகளில் அதற்கு வேலைநிறுத்தம் வரவேண்டுமா? அநீதி என்று தெரிந்த பிறகும், பாதிக்கப்பட்டவர் போராடி வாங்கட்டும் என்று காத்திருப்பது சுயமரியாதைக்காரனுக்கு அழகா?

செய்யவேண்டியது மலையைப் புரட்டும் காரியமன்று. களைத்த நாளில் வீடு முழுதும் களைத்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவேண்டும். அன்றைக்கு ஒரு பானைச் சாப்பாடு போதும் என்று வீட்டிலுள்ள அனைவரும் மனமார இசையவேண்டும். முகம் சுளிக்காமல் இசையவேண்டும். அந்த ஒரு பானையையும் முறைவைத்து ஏற்றவேண்டும்: இன்று அவன், நாளை அவள், மறுநாள் வளர்ந்த மகன். மகள் மட்டுமல்ல, மகன்! பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இருசக்கர வண்டி ஓட்டத் துடிக்கும் துணிவு இருக்கிறது. அரிசி களைந்து உலை வைக்கும் துணிவு வராதா? மாமியார் மருமகளைக் குறைசொல்லும் வீட்டில், மகன் குறுக்கே வந்து, "அம்மா, இன்று சமையல் என்னுடையது, குறை இருந்தால் என்னிடம் சொல்" என்று சொல்லவேண்டும். இதற்கு மாநாடு வேண்டாம், தீர்மானம் வேண்டாம், கொடி வேண்டாம். ஒரு தீக்குச்சியும் ஒரு நாணமற்ற மனமும் போதும்.

"மனைவிக்கு ஒத்தாசை செய்கிறேன்" என்று மட்டும் சொல்லாதே, தம்பி! ஒத்தாசை என்றால் வேலை அவளுடையது என்று பொருளாகும். உண்ணும் வாய் உன்னுடையது, பசி உன்னுடையது, ஆகவே பானையும் உன்னுடையது. தறியிலே அவள் தள்ளித்தந்த நாடாவுக்கு ஈடாக நீ அடுப்பிலே வைக்கும் உலை, நீ போடும் பிச்சையன்று. பட்ட கடனுக்குத் தரும் முதல் தவணை.

கோர்வைச் சேலையில் உடலும் கரையும் பிரியாமல் நிற்பதற்குக் காரணம், இரு புறத்து இழைகளும் ஒன்றையொன்று சமமாகப் பற்றியிருப்பதே. ஒரு புறம் மட்டும் இழுபட்டால் நெய்தவனுக்கே தெரியும், அங்கேதான் முதலில் கிழியும் என்று. அந்த நுட்பத்தைத் தறியிலே உலகுக்குக் காட்டிய காஞ்சி, அதை வீட்டிலும் காட்டட்டும். இன்றிரவு அடுப்பங்கரையில் விளக்கு எரியும்போது அங்கே நிற்பது யார் என்று பாருங்கள், தோழர்களே! அவள் கையிலிருந்து கரண்டியை வாங்குங்கள். "நீ உட்கார்" என்று சொல்லுங்கள். கஞ்சி கொஞ்சம் அடிபிடித்தாலும் பாதகமில்லை.